அயல்நாட்டில் கட்டடக்கலைப் பயிற்சிப் பணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாடுகளில் கட்டடக்கலை அலுவலகங்களில் பயிற்சிப் பணியைத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இந்த இதழில் இடம்பெறுகின்றன. இளம் பயிற்சிப் பணியாளர்களை வழிநடத்திவரும் மூத்த கட்டடக்கலைஞர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: கல்லூரியில் வடிவமைப்புப் பாடத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண் பெற்றவள் நான். இப்போது அமெரிக்காவில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் பயிற்சிப் பணியில் சேர்ந்திருக்கிறேன். மூத்தவர்கள் சிவப்பு மையில் குறித்துத் தரும் திருத்தங்களை ரெவிட் என்னும் வரைபட மென்பொருளில் ஏற்றுவதும், கட்டடத்தின் ஒவ்வொரு கதவின் விவரத்தையும் வரிசைப்படுத்தும் கதவு அட்டவணையை நிரப்புவதும்தான் அன்றாட வேலை. இதற்காகவா இத்தனை ஆண்டுகள் படித்தேன் என்று தோன்றுகிறது. வடிவமைப்பு வேலை வேண்டும் என்று கேட்கலாமா?
– ஒரு வாசகி, அமெரிக்கா

பதில்: கேட்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் அந்தக் கதவு அட்டவணையை இன்னொரு முறை கூர்ந்து பாருங்கள்.

பள்ளிக்கூடம் ஒன்றின் பெரிய வகுப்பறைக் கதவை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் அது ஒரே ஒரு வரிதான். அதில் அகலம் 36 அங்குலம் என்று இருந்தால், அது யாரோ விருப்பப்படி எழுதிய எண் அல்ல. கதவை 90 டிகிரி திறந்து வைத்த நிலையில் 32 அங்குல வழி தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதி சொல்வதால், பலகையின் தடிமனும் கீலும் எடுத்துக்கொள்ளும் இடத்தைச் சேர்த்து வந்த எண். அறையில் 50 பேரோ அதற்கு மேலோ இருக்கக்கூடும் என்றால், வெளியேறும் திசையில்தான் கதவு திறக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐ.பி.சி. கட்டட விதித்தொகுப்பு. நடைக்கூடத்தின் சுவர் தீயை இத்தனை நிமிடம் தாங்க வேண்டும் என்று வகுக்கப்பட்டிருந்தால், கதவும் அதற்கேற்ற சான்று பெற்றதாகவும் தானே மூடிக்கொள்வதாகவும் இருக்க வேண்டும். இனி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு நடைக்கூடத்தில் கூட்டமாக வரும் பிள்ளைகளின் வழியை மறிக்கவும் கூடாது. அதனால்தான் பல பள்ளிகளில் கதவு சுவரின் கோட்டிலேயே நிற்காமல் ஓர் அடி, இரண்டு அடி உள்வாங்கிய மாடத்துக்குள் நிற்கிறது. கல்லூரியில் அந்த உள்வாங்கலை நிழலுக்காகவோ அழகுக்காகவோ நீங்கள் வரைந்திருக்கலாம். இங்கே அது நான்கு விதிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்ததால் பிறந்த வடிவம். இதுவும் வடிவமைப்புதான்.

சிவப்பு மைத் திருத்தங்களும் அப்படியே. ஒரு மூத்த கட்டடக்கலைஞர் பல ஆண்டு அனுபவத்தில் அறிந்ததை உங்கள் வரைபடத்தின் மேலேயே எழுதித் தருகிறார். அதை இயந்திரம் போல ஏற்றிவிட்டு அடுத்த தாளுக்குப் போவதுதான் உண்மையான இழப்பு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘ஏன்’ என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். காரணம் தெரிந்தால் காரணத்தையும், தெரியாவிட்டால் கேள்வியையும் எழுதுங்கள். விடையை முதலில் விதித்தொகுப்பிலும் அலுவலகத்தின் பழைய திட்டங்களிலும் தேடிப் பாருங்கள். அங்கே கிடைக்காத கேள்விகளைச் சேர்த்துவைத்து, திருத்தம் போட்டவருக்கு ஓய்வான நேரத்தில் ஒன்றாகக் கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிற்பவரைவிட, ‘இந்த விதியைப் படித்தேன், இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?’ என்று கேட்பவருக்கு எந்த மூத்தவரும் நேரம் ஒதுக்குவார்.

சில மாதங்கள் இப்படிச் செய்த பிறகு, ‘வடிவமைப்பு வேலை தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘இந்தப் படிக்கட்டை நான் முழுமையாக எடுத்துக்கொள்ளட்டுமா, அடுத்த முறை கட்டுமான இடத்துக்கு உங்களுடன் வரட்டுமா’ என்று குறிப்பாகக் கேளுங்கள். குறிப்பான வேண்டுகோளுக்குச் சம்மதம் கிடைப்பது எளிது. திருத்தங்களை மேசையில் போட்டுவிட்டுப் போவதோடு சரி, எதையும் விளக்க மாட்டோம் என்கிற அலுவலகமாக இருந்தால், அதன் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேறு இடம் தேடத் தயங்காதீர்கள். பயிற்சிப் பணியில் நிறுவனத்தின் புகழைவிட, உங்கள் வரைபடத்தைத் திருத்திக் காரணமும் சொல்கிற ஒரு மனிதர் அங்கே இருக்கிறாரா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: வெப்பமண்டல நாட்டில் பட்டம் பெற்று, இப்போது இங்கிலாந்தில் பயிற்சிப் பணியில் சேரவிருக்கிறேன். மென்பொருள்கள் நன்றாகத் தெரியும். ஆனால் இங்கே கட்டும் முறையே வேறாக இருக்கிறது என்கிறார்கள். சேருவதற்கு முன் எதைப் படித்துக்கொள்வது?
– ஒரு வாசகர், இங்கிலாந்து

பதில்: மென்பொருள் உங்களுக்கு வேலை வாங்கித் தரும், கட்டும் முறை தெரிந்தால்தான் அந்த வேலையில் நிலைக்க முடியும். ஆகவே உங்கள் கேள்வி சரியான இடத்தில் தொடங்குகிறது.

அளவுகளும் வழக்கங்களும் சில நாள்களில் பழகிவிடும். இங்கிலாந்தில் வரைபட அளவுகளை மில்லிமீட்டரில், அலகின் பெயர் போடாமல் எழுதுவார்கள். அமெரிக்க வரைபடம் ஒன்று கைக்கு வந்தால், கால் அங்குலம் ஓர் அடி என்ற அளவுகோல் 1:48 என்பதை நினைவில் வையுங்கள். அதை 1:50 என்று எண்ணி அளந்தால் எல்லாம் பிசகும். இங்கிலாந்தில் ‘முதல் தளம்’ தரைத்தளத்துக்கு மேலே இருப்பது, அமெரிக்காவில் தரைத்தளமே ‘முதல் தளம்’. சிறிய விஷயங்கள்தான், ஆனால் கட்டுமான இடத்தில் தவறான மாடிக்குப் பொருள் போய்ச் சேருவது இவற்றால்தான்.

விதிகளைப் பொறுத்தவரை, முழுத் தொகுப்பையும் படிக்க முயன்று களைத்துப் போகாதீர்கள். ஒரு வீட்டுப் படிக்கட்டை விதிப்படி வரைந்து பாருங்கள். இங்கிலாந்தின் விதி விளக்க ஆவணங்களில் ‘கே’ எனப்படும் பகுதி, ஒரு வீட்டுக்குள் இருக்கும் படியின் உயரம் 220 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதிபரப்பு 220 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, சாய்வு 42 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. உயரத்துக்கு அதிகபட்சத்தையும் மிதிபரப்புக்குக் குறைந்தபட்சத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் சாய்வு 45 டிகிரி ஆகி, மூன்றாவது விதி உடைந்துவிடுகிறது. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 2,700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 13 படிகள் போட்டால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 208 மில்லிமீட்டர் உயரம். 225 மில்லிமீட்டர் மிதிபரப்பு போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் சாய்வு 42 டிகிரியைச் சற்றே தாண்டுகிறது. 235 வைத்தால் அடங்குகிறது. கடைசிப் படி ஏறினால் மேல்தளமே வந்துவிடுவதால், இப்போது 12 மிதிபரப்புகள் சேர்ந்து 2,820 மில்லிமீட்டர் நீளம் கேட்கின்றன. அதற்கு மேலே, ஏறுபவரின் தலை இடிக்காமலிருக்க, 2 மீட்டர் தலையிடம் வேண்டும் என்பதால் மேல்தளத்தில் எவ்வளவு திறப்பு விடுவது என்ற கேள்வி எழுகிறது, அந்தத் திறப்பு மாடி அறையின் அளவைத் தொடுகிறது. ஒரு வார இறுதியில் இந்த ஒரே வரைபடத்தை வெட்டுத்தோற்றத்துடன் முடித்தீர்களானால், உள்ளூர் விதிகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் கைவந்துவிடும். வேறு நாட்டுக்குப் போனாலும் இதே பயிற்சியைச் செய்யலாம், எண்கள் மாறும். ஐ.பி.சி.யில் பொதுக் கட்டடங்களின் படி உயரம் பொதுவாக 7 அங்குலத்துக்குள்ளும் மிதிபரப்பு 11 அங்குலத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

மெய்யாகவே புதிதாகக் கற்க வேண்டியது சுவரைத்தான். வெப்பமண்டலத்தில் கான்கிரீட் சட்டகமும் செங்கல்லும் இருபுறப் பூச்சும் என்று படித்தவருக்கு, சுவர் என்பது ஒரே திடப்பொருள். குளிர்நாட்டுச் சுவர் அடுக்குகளால் ஆனது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனி வேலை உண்டு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சமையலாலும் குளியலாலும் மூச்சாலும் ஈரம் நிறைந்த வெதுவெதுப்பான காற்று இருக்கிறது. அது சுவருக்குள் ஊடுருவிக் குளிர்ந்த பகுதியைத் தொட்டதும் நீராகப் படிகிறது. வெளியே மழையே பெய்யாவிட்டாலும் சுவர் உள்ளிருந்து நனையும். பூஞ்சை பிடிக்கும், மரச்சட்டம் உளுத்துப்போகும். ஆகவே நீராவியைத் தடுக்கும் படலத்தை, வெப்பக்காப்பின் வெதுவெதுப்பான பக்கத்தில், அதாவது உட்புறமாக வைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் வெளியே வெப்பமும் ஈரமும், உள்ளே குளிரூட்டியும் என்றுள்ள ஊரில் அதே படலத்தை உட்புறம் வைத்தால் தீங்குதான் நேரும். இதைப் புரிந்துகொண்டவர் எந்த நாட்டு வரைபடத்தையும் படித்துவிடலாம்.

இன்னொன்றையும் அறிந்துகொண்டு போங்கள். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீ, எரியக்கூடிய வெளிப்புறப் போர்வைப் பலகைகள் வழியாக மேலேறி 72 உயிர்களைப் பறித்தது. அதன்பின் 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களுக்கு 2018இல் தடை வந்தது. 2022இல் கட்டடப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அங்குள்ள அலுவலகத்தில் வெளிச்சுவரின் ஒரு பொருளை மாற்றுவதற்கு ஏன் இத்தனை பேரின் ஒப்புதல் வேண்டியிருக்கிறது என்று பயிற்சிப் பணியாளர் சலிப்படையாமல் இருக்க, இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: உலகப் புகழ்பெற்ற ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஊதியம் கிடையாது. ‘இந்தப் பெயர் இருந்தால் பிற்காலம் பிரகாசமாக இருக்கும்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். காரணங்களைச் சொல்கிறேன்.

இத்தகைய அழைப்புகளை ஆதரிப்பவர்கள் பெரியோரின் வரலாற்றைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். இந்தியக் கட்டடக்கலைஞர் பி. வி. தோஷி 1951இல் பாரிஸில் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் சேர்ந்தபோது முதல் எட்டு மாதங்கள் ஊதியமின்றி வேலை செய்தார் என்பது உண்மை. அவர் 2018இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார் என்பதும் உண்மை. ஆனால் முதலாவதால்தான் இரண்டாவது வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு அங்கே கிடைத்தது ஆசானின் அருகாமை. அகமதாபாத், சண்டிகர் திட்டங்களின் வரைபடங்களில் நேரடிப் பங்கு. இன்று நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் புகழ்பெற்ற அலுவலகத்தில், போட்டிகளுக்கு இரவெல்லாம் மாதிரி வடிவங்கள் வெட்டி ஒட்டும் ஊதியமற்ற பயிற்சியாளருக்கு அந்த அருகாமை கிடைப்பதில்லை. அதிலும், அயல்நாட்டில் ஆறு மாத வாடகையைக் குடும்பத்தால் கொடுக்க முடிகிற பிள்ளைகள் மட்டுமே இந்த வாய்ப்பை ஏற்க முடிகிறது. திறமையான எத்தனையோ பேரை வாசலிலேயே நிறுத்திவிடும் இந்த வழக்கம் நம் தொழிலுக்கே கேடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடைமுறைக் காரணங்களும் உண்டு. அமெரிக்காவில் கட்டடக்கலைஞர் உரிமம் பெறுவதற்கான ஏ.எக்ஸ்.பி. என்னும் அனுபவத் திட்டத்தை நடத்தும் என்கார்ப் அமைப்பு, சில விதிவிலக்குகள் தவிர, ஊதியமில்லாப் பயிற்சியின் மணிநேரங்களைக் கணக்கில் ஏற்பதில்லை. பிரிட்டனில் ரிபா என்னும் கட்டடக்கலைஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மாணவர்களை ஊதியமின்றி வேலை வாங்கக் கூடாது. ஆகவே சம்பளத்தோடு, உரிமத்துக்கான நாள்களையும் நீங்கள் இழக்கக்கூடும்.

அந்த அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். வேலையில் ஆர்வம் உண்டு என்றும், சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமாவது இருந்தால் உடனே வருவதாகவும் தெரிவியுங்கள். ஒப்புக்கொண்ட அலுவலகங்கள் உண்டு. மறுத்தால், ஊதியம் தரும் சிறிய அலுவலகத்தில் சேருங்கள். பத்துப் பேர் உள்ள இடத்தில் ஒரு திட்டம் அடித்தளத்திலிருந்து கூரைவரை உங்கள் கண்முன் வளர்வதைப் பார்க்கலாம்.

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை முடித்துப் பயிற்சிப் பணியில் இருக்கிறேன். இன்னும் சில ஆண்டுகளில் இங்கேயே இருப்பேனா, வேறு நாட்டுக்குப் போவேனா என்று தெரியாது. எந்த நாட்டு உரிமத்துக்காக அனுபவத்தைச் சேர்ப்பது?
– ஒரு வாசகி, ஜெர்மனி

பதில்: நாட்டைப் பிறகு முடிவு செய்யலாம். உங்கள் அனுபவத்தின் பதிவேட்டை இன்றே தொடங்குங்கள்.

கட்டடக்கலைஞர் உரிமம் நாட்டுக்கு நாடு, சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அமெரிக்காவின் ஏ.எக்ஸ்.பி. ஆறு துறைகளில் மொத்தம் 3,740 மணிநேர அனுபவத்தைக் கேட்கிறது. நெதர்லாந்தில் பட்டத்துக்குப் பின் இரண்டாண்டுத் தொழில் அனுபவக் காலம் உண்டு. ஜெர்மனியில் மாநிலக் கட்டடக்கலைஞர் அவையில் பதிவு பெறப் பொதுவாகக் குறைந்தது இரண்டாண்டு அனுபவம் வேண்டும். பிரிட்டனில் கட்டடக்கலைஞராகப் பதிவு பெறுவதற்கான பகுதி 1, 2, 3 என்ற மூன்று படி முறை இப்போது சீர்திருத்தப்பட்டு வருகிறது. 2008இல் உருவான கான்பெரா உடன்படிக்கை, உறுப்பு அமைப்புகள் ஒன்றின் கல்வி அங்கீகார முறையை மற்றொன்று இணையாக மதிக்க வழிசெய்கிறது. ஆனால் அது படிப்பைப் பற்றியது, உரிமத்தை அதுவே பெற்றுத் தந்துவிடாது.

எண்கள் வேறாக இருந்தாலும், எல்லா அமைப்புகளும் கேட்பது ஒன்றுதான்: ஒரு கட்டடத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாக் கட்டங்களிலும் நீங்கள் பங்கு பெற்றீர்களா? ஜெர்மனியின் கட்டண ஒழுங்குமுறையான ஹோவாய், பணியை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கிறது. ரிபாவின் பணித்திட்டத்தில் 0 முதல் 7 வரை எட்டு. இளம் பணியாளர்கள் ஜெர்மனியில் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் வடிவமைப்பிலும், ஐந்தாம் கட்டத்தின் செயலாக்க வரைபடங்களிலும் தங்கிவிடுகிறார்கள். ஆறு, ஏழாம் கட்டங்களின் ஒப்பந்தப்புள்ளி வேலையையும், எட்டாம் கட்டத்தின் கட்டுமான மேற்பார்வையையும் தொடாமலே ஆண்டுகள் ஓடிவிடும். வாராவாரம், எந்தத் திட்டம், எந்தக் கட்டம், என்ன வேலை, எத்தனை மணிநேரம் என்று எழுதிவந்தால், எங்கே வெறுமையாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கத்தைக் காட்டி, ‘எட்டாம் கட்டத்தில் எனக்கு அனுபவமே இல்லை’ என்று மேலாளரிடம் கேட்பதற்கு வலு அதிகம்.

மேற்பார்வையாளர் அந்த நாட்டில் பதிவு பெற்ற கட்டடக்கலைஞர்தானா என்பதைப் பணியில் சேரும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். பல அமைப்புகள் அப்படிப்பட்டவரின் கையொப்பத்தையே ஏற்கின்றன. கையொப்பத்தைக் காலாண்டுக்கு ஒருமுறையாவது வாங்கிவிடுங்கள். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலோ நிறுவனம் மூடப்பட்டாலோ, பழைய மணிநேரங்களை மெய்ப்பிப்பது பெரும்பாடு.

உரிமம் கிடைக்கும்வரை பெயருக்குப் பின்னால் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளாதீர்கள். ஜெர்மனியிலும், 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனிலும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலும் அந்தப் பட்டம் பதிவு பெற்றவர்களுக்கே உரியது. லிங்க்ட்இன் பக்கத்துக்கும் இது பொருந்தும்.

கேள்வி: மாணவர் விசாவில் இருக்கிறேன். பயிற்சிப் பணியோடு, வார இறுதிகளில் தெரிந்தவர்களின் வீடுகளுக்கு வரைபடம் போட்டுத் தந்து கொஞ்சம் சம்பாதிக்கலாமா? அலுவலகத்தில் வரைந்தவற்றை, வேலை தேடும்போது காட்டும் என் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், பிரிட்டன்

பதில்: முதலாவது கூடவே கூடாது. பிரிட்டனின் மாணவர் விசாவில் சுயதொழில் செய்வதற்கு அனுமதியில்லை. பணம் கைமாறிய ஒரு சிறு வரைபடம்கூட உங்கள் விசாவுக்கே ஆபத்தாக முடியும். தவிர, அந்த வரைபடத்தை நம்பிக் கட்டிய வீட்டில் ஏதேனும் குறை நேர்ந்தால், தொழில்முறைக் காப்பீடு இல்லாத நீங்கள் தனியாக நிற்க வேண்டியிருக்கும். நண்பர்களாகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

இரண்டாவதற்கு அனுமதி தேவை. அலுவலகத்தில் வரைந்தவற்றின் உரிமை பொதுவாக நிறுவனத்துடையது. மருத்துவமனை, வங்கி, தனியார் வீடு போன்றவற்றின் தளவரைபடங்களில் பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. பணியின் கடைசி மாதத்தில், எந்தெந்தத் தாள்களைச் சேர்க்க விரும்புகிறீர்கள் என்று பட்டியலிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டுச் சேர்க்கலாம் என்று பல நிறுவனங்கள் சம்மதிக்கும். ஒவ்வொரு தாளின் கீழும் உங்கள் பங்கு என்ன என்பதை ஒரே வரியில் நேர்மையாக எழுதுங்கள்: ‘படிக்கட்டின் விவர வரைபடங்கள், கதவு அட்டவணை’ என்று எழுதியிருக்கும் பக்கத்தை வைத்து நேர்காணல் நடத்துபவர் உங்களிடம் அரை மணிநேரம் பேசுவார். குழுவினர் அனைவரின் உழைப்பையும் தனதாகக் காட்டும் பக்கத்தில் இரண்டாவது கேள்விக்கே விடை இருக்காது. அனுமதி மறுக்கப்பட்டால், அங்கே கற்ற ஒரு சுவரையோ படிக்கட்டையோ கற்பனைக் கட்டடம் ஒன்றுக்காக நீங்களே புதிதாக வரைந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.